ஆதம்பாவா நானாவுக்கு நான் விட்டுக்கொடுத்த நாள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போதைய சிஸ்டர் என்னைக் கேட்டார். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறார். இந்த இல்லத்தில் பதினொரு வருடம் கட்டில் கட்டிலாக நின்றவன் நான். முழங்கால் மட்டும் மக்கர் பண்ணியிராவிட்டால் இன்றைக்கும் நின்றிருப்பேன், உங்களுக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

எனக்கு நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுத்துப் பிழைகளை என் மருமகள் திருத்துகிறாள். என் கருத்தைத் திருத்துவதற்கு அவளுக்கு அனுமதி இல்லை.

உங்களிடம் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள். பிழைக்க மாட்டாத நோயாளிகள் கிடக்கும் இடத்துக்குச் சம்பளமும் இல்லாமல் ஏன் போகிறீர்கள் என்பார்கள். நீங்களும் சேவை, புண்ணியம் என்று ஏதோ சொல்வீர்கள். சொல்லுங்கள், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்து இங்கே வந்தவர்கள் விதம் விதமான காரணத்துக்கு வந்தார்கள். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர், தன் புருஷனின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல் போன கவலையில் வந்தார். பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், மனைவியின் அக்கா வீட்டோடு வந்து இருந்துவிட்டபடியால் வந்தார். இருவருமே அருமையாக வேலை செய்தார்கள். துணிக்கடைக்காரர் ஒரு படி மேலேதான்.

நான் வந்தது பெயர்ப்பலகை மாட்டுவதற்கு.

துறைமுகத்தில் மூட்டை சுமக்கத் தொடங்கி, கங்காணியாகி, பிறகு சொந்தமாக லொறிகள் ஓடவிட்டு, கல்வீடு கட்டி, பிள்ளைகளைக் கரைசேர்த்தவன் நான். தொழிலை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்த நேரம். உவர்மலைச் சரிவில் இருந்த இந்த இல்லத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே என் பெயர் பொறித்த பித்தளைப் பலகை ஒன்று. மின்விசிறியை விடப் பலகை பெரிது.

அந்தக் காலத்தில் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம். ஆள் சின்ன ஆள், என் தோள்மட்டும் வரமாட்டார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாயிருக்கு ஐயா. ஆனால் சுவரில இடம் இல்லை."

"அவ்வளவு பெரிய சுவர் இருக்குதே சிஸ்டர்?"

"சுவர் இருக்கு. இடம் இல்லை. ரெண்டு கைக்குத்தான் இடம் இருக்கு. அந்தக் கட்டிலில கிடக்கிறவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேணும். எங்களுக்கு ஏலாது, பாரம். உங்களுக்கு ஏலுமா?"

என்னிடம் ஏலுமா என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? சட்டைக் கையை மடித்தேன்.

அந்த மனிதருக்கு முதுகெல்லாம் புண். நான் ஒரு படுக்கை விரிப்பை அவருக்குக் கீழே கொடுத்து, நாலு மூலையையும் பிடிக்கச் செய்து, சரக்குத் தூக்குவது போலவே ஒரு குலுக்கல் இல்லாமல் தூக்கித் திருப்பினேன். இன்றைக்கும் நீங்கள் அப்படித்தான் தூக்குகிறீர்கள். அது நான் கொண்டுவந்த முறை, மறக்க வேண்டாம். ஆனால் இறக்குகிற நேரம் பழைய பழக்கத்தில் வாய் தானாகக் கத்திவிட்டது: "ஆரியா!"

துறைமுகத்தில் ஆரியா என்றால் இறக்கு. மெதுவாகச் சொல்லப் பழகாத சொல். நேர்ஸ் பிள்ளையின் கையில் இருந்த தட்டு விழுந்தது. பத்துக் கட்டிலும் விழித்துக்கொண்டது. பெரிய சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இஞ்ச சரக்கு இல்லை ஐயா, ஆக்கள்."

அந்த நேரம் ஜன்னலோரக் கட்டிலில் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஆரது ஆரியா சொல்ற? தூக்கின கையை விடாமல் ஆரியா சொல்ற மடையன் ஆரு?"

சிஸ்டர் திகைத்து நின்றார். அவர் திகைத்தது என் சத்தத்துக்கு அல்ல. அந்த மனிதர் வந்து ஐந்து நாளாக வாயே திறக்கவில்லையாம். சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை, முகம் சுவர்ப் பக்கம்.

போய்ப் பார்த்தேன். மூதூர் ஆதம்பாவா நானா. முஸ்லிம்களில் அண்ணனை நானா என்பார்கள். கப்பலில் இருந்து சாமான் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் வத்தை ஒன்றில் தண்டையலாக, அதாவது அந்தப் படகுக்குத் தலைவராக, இருபது வருடம் இருந்தவர். தேக்குமரம் மாதிரி இருந்த ஆள் ஈர்க்கில் மாதிரிக் கிடந்தார். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் மூதூரில் நிறைமாதம், அவளால் பார்க்க முடியாது. தினமும் ஊசி போட வேண்டியிருந்ததால் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

என்னை உற்றுப் பார்த்தார். "கங்காணியாரா? நல்லாக் கொழுத்திட்டீங்க. பொயிலர்க் கதையைச் சொல்லிச் சொல்லித் திண்டு கொழுத்தீங்களாக்கும்."

அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரக் கடற்படை இன்னும் போகாத காலம். ஒரு நெல் ஆலைக்குக் கப்பலில் பொயிலர் வந்தது, நெல் அவிக்கும் பெரிய இரும்புக் கொதிகலன். கப்பல் நடுத்துறையில் நிற்க, பாரந்தூக்கி அதைத் தூக்கி வெளியே நீட்டியது. கீழே ஆதம்பாவா நானாவின் வத்தை. அந்த நேரம் பார்த்து ஒரு போர்க்கப்பல் விரைந்து போக, அதன் அலை வந்து அடித்தது. வடம் ஒரு பக்கம் வழுக்கிவிட்டது. பொயிலர் ஊஞ்சல் ஆடியது. விழுந்தால் வத்தையும் இல்லை, வத்தையில் நின்ற ஆறு பேரும் இல்லை. கப்பல் விளிம்பில் நின்ற நான், நிறுத்து என்று விரல்களை மடக்கிக் கையை உயர்த்தினேன். பாரத்தை இறக்கும் வின்ச் நின்றது. அலை அடங்கும்வரை பிடித்து வைத்து, சரியான கணத்தில் ஆரியா சொன்னேன். பொயிலர் கோழி அடைக்கு உட்கார்ந்த மாதிரி வத்தையில் உட்கார்ந்தது. அந்த ஒரு கைக்காகத்தான் என்னைக் கங்காணியாக்கினார்கள்.

இதுதான் உண்மை. ஆதம்பாவா நானா வேறு கதை வைத்திருந்தார்.

"உங்கட கையை ஆர் பார்த்த? வின்ச்காரன் பீடி பத்த வச்சிட்டு இருந்தான். நான்தான் கம்பால வத்தையைத் தள்ளி, பொயிலர் ஆடி வாற இடத்தில கொண்டு வச்சேன்."

"நானா, நடுத்துறையில ரெண்டு பனை ஆழம். கம்பை எங்க ஊண்டினீங்கள்? திமிங்கிலத்திலயா?"

"ஆர் ஊண்டின எண்டு சொன்ன? கப்பல்ட வயித்தில குத்தித் தள்ளின! மேல நிண்டு மாப்பிள்ளை மாதிரிக் கை காட்டினவருக்குக் கீழ நடந்தது தெரியுமா?"

இப்படிச் சொல்லிக்கொண்டே, பக்கத்தில் நேர்ஸ் பிள்ளை நீட்டிய கரண்டியில் இருந்த கஞ்சியை விழுங்கிவிட்டார். தான் விழுங்கியதை அவரே கவனிக்கவில்லை. பெரிய சிஸ்டர் கவனித்தார்.

"ஐயா, நாளைக்கும் வாங்கோ" என்றார். மின்விசிறியைப் பற்றிப் பேச்சே இல்லை.

மூன்றாம் நாள் நானாவின் மருமகன் மூதூரில் இருந்து வரும் லாஞ்சிப் படகில் வந்து இறங்கினான். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றான். மாமனாரின் கோலத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாறன் மாமா" என்றான்.

நானா தலையணையை விட்டுத் தலையைத் தூக்கினார். "வேணாம். என்ட உம்மாவும் பிள்ளை பெத்து நாப்பது நாள் முடியாமல் வாசல் தாண்டினதில்ல, என்ட பெண்சாதியும் தாண்டினதில்ல. எனக்காக என்ட மகள் பச்சை உடம்போட கடல் தாண்ட வேணாம். நாப்பது முடியட்டும், வரட்டும். நான் இரிப்பேன்."

வெளியே வந்து டொக்டரைக் கேட்டேன். மூன்று கிழமை என்றார். கூடினால் நாலு, அதுவும் சாப்பிட்டால்.

நாற்பது நாள் என்றால் கிட்டத்தட்ட ஆறு கிழமை. மருமகனை மடக்கிப் பிடித்து எப்படியாவது கூட்டிவரச் சொல்லட்டுமா என்று பெரிய சிஸ்டரிடம் கேட்டேன்.

"அவர் தன்ர வாயால சொல்லிப்போட்டார். அதை நாங்கள் உடைக்கக் கூடாது. அவரைத்தான் நாப்பதுக்குக் கொண்டுபோக வேணும். நீங்கள் பெரிய பெரிய பாரமெல்லாம் கரைக்குக் கொண்டுவந்தனீங்களாமே?"

அன்றிலிருந்து அது என் பொறுப்பு. ஒரு கரண்டி கஞ்சி, ஒரு கரண்டி சண்டை. காலையில் நான் உள்ளே வரும்போதே அவர் தயாராக இருப்பார். இரவெல்லாம் யோசித்து வைத்திருப்பார் போலும். "கங்காணியாரே, அண்டைக்குக் காத்து எந்தப் பக்கம்? சொல்லுங்க பார்ப்பம்!" நான் ஒரு திசை சொன்னால் அவர் அதற்கு எதிர்த்திசை. மற்றவர்கள் எல்லாரும் அவரிடம் மெதுவாகப் பேசுவார்கள். ரீச்சர் வந்தால், எல்லாவற்றுக்கும் ஆமாம்தான், ஓம் நானா. துணிக்கடைக்காரர் வந்தால், ஓம் நானா, நீங்கள் சொன்னால் சரிதான். அவர்கள் போன பிறகு நானா சொல்வார்: "நல்ல மனுசர். ஆனா அவங்களோட கதைக்கிறது தலையணையோட கதைக்கிற மாதிரி."

எல்லா நோயாளியோடும் சண்டை பிடியுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அடுத்த கட்டிலில் ஒரு தபால்காரர் இருந்தார், அவருக்கு வேண்டியது யாராவது சும்மா பக்கத்தில் இருப்பது மட்டும். அவருக்கு அருகில் நான் வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் இருந்திருக்கிறேன். நம்பாதவர்கள் சிஸ்டரைக் கேளுங்கள்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் விட்ட பிழைகள் குறைவு, அதனால் இது நன்றாக நினைவிருக்கிறது.

பிள்ளை பிறந்து இருபத்தாறாம் நாள் என்று நினைக்கிறேன். காலையில் போனால் நானா மிக மோசமாகக் கிடந்தார். நோவு கூடி, கண் உள்ளே போய், உதடு வெடித்து இருந்தது. சண்டைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. நாற்பதாவது மண்ணாவது, இந்த மனிதர் இன்றைக்கே போய்விடுவார் போலிருக்கிறதே, போகும்போது மனநிறைவோடு போகட்டும் என்று நினைத்தேன். அவர் காதருகில் குனிந்து, நான் எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"நானா, அந்தப் பொயிலரைக் காப்பாத்தினது நீங்கள்தான். நான் சும்மா கை காட்டினனான்."

அவர் கண்ணைத் திறந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று முழுவதும் ஒரு வாய் தண்ணீர் எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. கரண்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொண்டார்.

பெரிய சிஸ்டர் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார். "அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். எவ்வளவு பெரிய தியாகம்! முப்பது வருடக் கதையை விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

சிஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயா, பிறந்ததில இருந்து ஒருத்தருக்கும் விட்டுக்குடாத மனுசன் நீங்கள். நீங்களே விட்டுக்குடுத்தால் அவர் என்ன நினைப்பார்? தன்ர கதை முடிஞ்சுது எண்டுதானே? டொக்டரே எழுதாத மரணச் சேட்டிபிக்கட்டை நீங்கள் எழுதிக் குடுத்துப்போட்டு வந்து நிக்கிறீங்கள்."

துறைமுகத்தில் என் காலுக்குப் பக்கத்தில் இரும்பு விழுந்திருக்கிறது. அப்போதெல்லாம் இப்படிப் பயப்படவில்லை.

உடனே ஓடிப்போய், "நானா, நான் அண்டைக்குச் சொன்னது பொய். நான்தான் காப்பாத்தினனான்" என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "சரி தம்பி. நீங்கதான். போய் வாங்க."

கங்காணியார் போய்த் தம்பி வந்துவிட்டது. அவரும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். இதை விட மோசமான நிலைமை இல்லை.

வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து யோசித்தேன். சொல்லால் உடைத்ததைச் சொல்லால் ஒட்ட முடியாது. துறைமுகத்தில் நாங்கள் தகராறு தீர்ப்பது வாயால் அல்ல, செய்து காட்டித்தான். யார் சொன்னது சரி என்று பார்க்க, அதே வடத்தை அதே இடத்தில் கட்டித் தூக்கிப் பார்ப்போம்.

மறுநாள் காலையில் போனேன். துணி துவைக்கும் பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, உட்காரும் நீளப் பலகை வாங்கில் வைத்து, வாங்கை நானாவின் கட்டிலோடு இழுத்துப் போட்டேன். அதில் ஒரு அகலமான தகரக் கோப்பையை மிதக்கவிட்டேன். அது வத்தை. சேலைன் போத்தல் தொங்கவிடும் இரும்புக் கம்பத்தைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அது பாரந்தூக்கி. காயத்துக்குக் கட்டும் துணியை முறுக்கி வடமாக்கி, அதில் கஞ்சி வாளியைத் தொங்கவிட்டேன், சின்ன வாளிதான். அது பொயிலர். மூடி இல்லை, அது என் அவசரம்.

பிறகு, அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், தபால்காரரைப் பார்த்து உரத்துச் சொன்னேன். "ஐயா, நீங்கள் சாட்சி. வத்தைக்காரர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. மேலே நிண்டு கை காட்டினால் காணும். இந்தா, அலை!"

ஒரு கையால் பேசின் தண்ணீரைக் கலக்கினேன். கோப்பை ஆடியது. மறு கையால் வாளியை ஊஞ்சல் ஆட்டி, "ஆரியா" என்று இறக்கினேன். வாளி கோப்பைக்கு வெளியே போய்த் தண்ணீரில் முட்டியது.

நானா சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். திரும்பத் தூக்கினேன். திரும்ப வெளியே. மூன்றாம் தரமும் வெளியே. உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று பிழைவிடவில்லை. வெல்லத்தான் பார்த்தேன். தபால்காரர் வாய்விட்டே சிரித்தார், நான் அவர் குரலைக் கேட்டது அன்றுதான்.

நாலாம் தரம் தூக்கியபோது கட்டில் கிறீச்சிட்டது.

"வத்தையை அப்பிடியா விடுற, அநாதை மாதிரி?" நானா முழங்கையில் எழும்பியிருந்தார். மேசையில் கிடந்த கரண்டியை எட்டி எடுத்தார். கரண்டியின் காம்பைப் பேசினின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, கோப்பையை மெல்லத் தள்ளினார். "இப்ப இறக்குங்க. இறக்குங்க எண்டுறன்!"

"நான் சொல்லும்போதுதான் இறக்குவன். நான்தான் கங்காணி!"

"கங்காணி எண்டா கண் இல்லையா? இப்ப விட்டாச் சரி!"

"இப்ப இல்லை!"

"இப்ப!"

இந்தச் சத்தத்துக்குப் பெரிய சிஸ்டர் ஓடிவந்தார். வந்தவர் வாங்கில் இடித்தார். இடித்ததில் கம்பம் சாய்ந்தது. நான் முறுக்கிய வடம் அறுந்தது. பொயிலர் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, கஞ்சி முழுவதையும் அவருடைய முகத்திலும் வெள்ளை அங்கியிலும் கொட்டிவிட்டு, வாளி மட்டும் கோப்பைக்குள் நேராகப் போய் உட்கார்ந்தது.

சிஸ்டரின் நாடியில் இருந்து கஞ்சி சொட்டியது. கோப்பையைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இப்ப இதில ஆர் வெண்டது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றார் நானா, அதே மூச்சில்.

சிஸ்டர் முகத்தைத் துடைத்தார். "குசினியில இன்னும் ஒரு கோப்பைக் கஞ்சிதான் மிச்சம் இருக்கு. அது வெண்டவருக்கு."

நான் வாயைத் திறக்கும் முன்பே நானா கையை நீட்டிவிட்டார். கரண்டிகூட வேண்டாம் என்று கோப்பையோடு வாயில் வைத்துக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "உப்பு காணாது" என்றார். அதற்குப் பிறகுதான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவோடு சேர்த்துச் சிரித்தார்.

அன்றைக்கு உவர்மலையில் இருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தேன். மனைவி வாசலில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, என்ன சிரிச்சுக்கொண்டு வாறியள்?"

"ஒரு மனுசன் என்னைப் பொய்யன் எண்டு சொல்லிப்போட்டான்."

"அதுக்கா சிரிப்பு?"

அதற்குத்தான். என் வீட்டில் மூத்த மகன் ஓம் அப்பா என்பான், இளையவன் ஓம் அப்பா என்பான். லொறி டிரைவர்மார் ஓம் முதலாளி. நான் சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொன்னாலும் ஓம் என்பார்கள். நானாவைச் சுவர்ப் பக்கம் திருப்பியது எதுவோ, அது என் வீட்டிலும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்தது. நீங்கள் ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: அங்கே எனக்கு ஓம் சொல்லாத ஆள் ஒருவர் இருந்தார், எனக்கு அவர் தேவைப்பட்டார். நீங்களும் கொடுப்பதற்கு மட்டும் வருகிறோம் என்று நினைத்தால் ஆறு மாதத்தில் களைத்துப்போவீர்கள். இங்கே உங்களுக்கு என்ன வேண்டும் என்று தேடிப்பாருங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

டொக்டரின் நாலு கிழமை போனது, ஐந்து போனது. நாற்பதாம் நாள் கடல் கொந்தளிப்பு, மூதூர் லாஞ்சி ஓடவில்லை. நானா ஜன்னல் வழியே துறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "லாஞ்சிக்காரன் எல்லாம் ஒரு ஆளா? வத்தை எண்டா வந்திரிக்கும்."

"வத்தை எண்டால் கவிண்டிருக்கும்" என்றேன்.

"அது நீங்க ஏறியிருந்தா."

அந்த ஒரு வரிக்காக மூன்று தரம் மூச்சு எடுத்தார். அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. கதிரையைக் கட்டிலோடு போட்டுக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் கடல் அடங்கி, பத்து மணிபோல லாஞ்சியின் ஊது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகள் உள்ளே வந்தாள், பின்னால் குடையோடு மருமகன். அவள் அழவில்லை. "வாப்பா, நாப்பது முடிஞ்சிட்டு. வந்திட்டன்" என்று சொல்லிப் பிள்ளையை அவர் நெஞ்சோடு வைத்தாள். அவருக்குத் தூக்கப் பலம் இல்லை. நான் படுக்கை விரிப்பைப் பிடித்து அவரை நிமிர்த்திக் கொடுத்தேன், ஒரு குலுக்கல் இல்லாமல்.

பிள்ளையை ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பிறகு அதன் முகத்தை மெல்ல என் பக்கம் திருப்பி, அதனிடமே சொன்னார்.

"மகள், இந்தா நிக்கிறாரே, இவர் நல்ல மனுசன். ஆனா ஒண்டு. இவர் சொல்றதில ஒரு சொல்லையும் நம்பிடாத."

வார்டு முழுவதும் சிரித்தது. விடுவேனா? பிள்ளைக்கு முன்னால் குனிந்து, "அப்பிடியில்லை குஞ்சு, அண்டைக்கு உண்மையில் என்ன நடந்தது எண்டால்" என்று தொடங்கினேன். பிள்ளை முகத்தைச் சுளித்து, உடம்பெல்லாம் சிவந்து, வீறிட்டு அழுதது. உவர்மலை அடிவாரம் மட்டும் கேட்டிருக்கும்.

"பார்த்தீங்களா கங்காணியாரே?" என்றார் நானா. கண்ணில் நீர் வழிய, முகமெல்லாம் சிரிப்பு. "நாப்பத்தொரு நாள்தான். அதுக்கே தெரிஞ்சிட்டு."

அதற்குப் பிறகு ஆதம்பாவா நானா ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் அந்தக் குழந்தையையே சாட்சிக்குக் கூப்பிட்டார். பொயிலரைக் காப்பாற்றியது நான்தான். ஆனால் அந்தக் குழந்தைக்கு எதிராக நான் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.